செவிலி சொன்ன சொல்

சென்ற தவணையில் ஒருநாட் பிற்பகல். உயர்தர வகுப்பிலே ஆங்கில இலக்கியப் பாடம் நடந்துகொண்டிருந்தது. உண்ட களைப்பும் வெயிலின் புழுக்கமும் சேர்ந்து மாணவரைப் பாதி உறக்கத்தில் ஆழ்த்தியிருந்தன. அத்தகைய வேளைகளிலே எழுதுவித்தல் நல்ல மருந்து. கை அசைந்தாற் கண் மூடாது. ஆகவே ஆண்டுதோறும் எழுதுவிக்கும் பட்டியல் ஒன்றை எடுத்தேன். 'சேக்ஸ்பியர் ஆங்கில மொழிக்கு ஆக்கித் தந்த அன்றாடச் சொற்கள்' என்பது அதன் தலைப்பு. என் ஆசிரியர் எனக்கு எழுதுவித்த பட்டியல் அது. அவருக்கு அவர் ஆசிரியர் எழுதுவித்திருத்தலுங் கூடும். தாள் மஞ்சள் பூத்து, மூலைகள் மடிந்து, அந்தப் பழைய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கின்றது.

'லோன்லி', 'மனேஜர்', 'பெட்றூம்', 'ஐபோல்', 'பம்ப்', 'ஸ்வாகர்', 'அலிகேற்றர்', 'அடிக்‌ஷன்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தேன். இவற்றைப் போல் ஆயிரத்து எழுநூறு சொற்களை அம் மகாகவி தனியொருவராய்ப் படைத்தார் என்று, வழக்கம்போற் குரலைச் சற்று உயர்த்தி முடித்தேன். அப்பொழுது பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் அதிகம் பேசாதவன்.

"சேர், நாடகம் நடந்த அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுப் பிறந்ததெண்டால், பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்கு அது எப்படி விளங்கினது?"

வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இருபது ஆண்டுகளாக அந்தப் பட்டியலை வாசித்து வருகின்றேன். இந்த எளிய வினா ஒருமுறையேனும் என் மனத்தில் எழுந்ததில்லை. "நல்ல கேள்வி, பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அவனை அமர்த்தினேன். விடை தெரியாத ஆசிரியர் அனைவரும் சொல்லும் சொல் அது என்பதை மாணவர் நன்கு அறிவர். விடுமுறையிலே புத்தகங்களைத் தேடிப் படித்தேன். கண்டவற்றை இப் பகுதி வாசகர்களுக்குச் சொல்லுகின்றேன். இதை வாசிப்போருள் என்னிடம் அந்தப் பட்டியலைக் கேட்டெழுதிய பழைய மாணவர் பலர் உளர். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கின்றேன்.

முதலில், அந்த ஆயிரத்து எழுநூறு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சேக்ஸ்பியர் தாம் இன்ன சொல்லை ஆக்கினேன் என்று எங்கும் எழுதி வைத்தவரல்லர். அவர் காலத்தவரும் அப்படி ஒரு கணக்கு எடுத்ததில்லை. கணக்கு வந்தது ஓர் அகராதியிலிருந்து.

ஆங்கிலச் சொற்கள் அனைத்தின் வரலாற்றையும் தொகுக்க வேண்டும் என்ற எண்ணம் 1857இல் இலண்டனிலே மொழியறிஞர் சங்கம் ஒன்றில் எழுந்தது. 1879இல் அப் பணியைப் பொறுப்பேற்றவர் ஜேம்ஸ் மரே. ஸ்கொட்லாந்திலே தையற்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, பதினான்கு வயதிற் பள்ளியை விட்டு, தாமே கற்றுப் பள்ளி ஆசிரியரானவர். (ஆசிரியத் தொழிலினர் அகராதி செய்தல் புதிதன்று. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்தாற் பொருள் கூறிய முதல் அகராதியை 1604இல் வெளியிட்ட றொபேட் கோட்றேயும் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. அதில் இருந்தவை இரண்டாயிரத்தைந்நூறு அளவிலான கடுஞ்சொற்கள். சேக்ஸ்பியர் தம் நாடகங்களிற் பெரும்பாலானவற்றை எழுதி முடிக்கும்வரை, புரட்டிப் பார்ப்பதற்கு அப்படியோர் அகராதிதானும் இருந்ததில்லை என்பதை நினைவில் வைத்துக் கொள்க.)

மரே தம் தோட்டத்திலே தகரக் கொட்டில் ஒன்றை அமைத்து அதிலிருந்து வேலை செய்தார். ஊரெங்குமுள்ள தொண்டர்களை வேண்டிக் கொண்டார்: பழைய நூல்களைப் படியுங்கள், குறிப்பிடத்தக்க சொல்லைக் கண்டால் அச் சொல்லையும், அது வரும் வாக்கியத்தையும், நூலின் பெயரையும், ஆண்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்புங்கள் என்று. குருமாரும், குடும்பப் பெண்களும், ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் எழுதி அனுப்பினர். ஏறக்குறைய ஐம்பது இலட்சம் சீட்டுகள் வந்து குவிந்தன. அவற்றை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைத்த சீட்டுகளுள் மிகப் பழையதை முதலிலே வைத்து அச்சிட்டனர். மரே 1915இற் காலமானார். அகராதி 1928இல் நிறைவுற்றது. 414,825 சொற்கள், பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். இதுவே ஒக்ஸ்போர்ட் அகராதி எனப் போற்றப்படுவது.

சீட்டுகளுட் பழையது எதுவோ அதுவே முதலில் நிற்கும். ஆனால் எந்த நூல்களை மக்கள் படித்துச் சீட்டு எழுதினர்? இங்கேதான் முடிச்சு இருக்கின்றது. விக்டோரியா இராணியின் காலத்திலே கல்வியறிவுள்ள ஆங்கிலேயரது வீட்டில் விவிலியத்துக்கு அடுத்தபடியாகச் சேக்ஸ்பியர் தொகுதி இருந்தது. மேலும், மேரி கௌடன் கிளார்க் என்னும் பெண்மணி பன்னிரண்டு ஆண்டு பாடுபட்டு, நாடகங்களில் வரும் சொற்களுக்கெல்லாம் ஓர் அடைவு தொகுத்து 1845இல் வெளியிட்டிருந்தார். எந்தச் சொல் எந்த நாடகத்தில் எந்தக் காட்சியில் வருகின்றது என்று நொடியிற் கண்டுகொள்ளலாம். வேறெந்த ஆங்கில நாடகாசிரியருக்கும் அன்று அப்படியொரு வசதி இருந்ததில்லை. ஆகவே ஒரு சொல்லுக்குப் பழைய சான்று தேடியவர் கை முதலிற் சேக்ஸ்பியரிடமே சென்றது. அகராதியில் அவருடைய மேற்கோள்கள் மட்டும் முப்பத்து மூவாயிரம் அளவில் உள.

அவர் காலத்து உரைநடையாளர் தோமஸ் நாஷ் என்பவர் சொல் விளையாட்டிலே பெரும் வல்லவர். ஆனால் அவரை வீட்டில் வைத்துப் படித்தவர் சிலரே. 1980இல் ஜேர்மனிய ஆராய்ச்சியாளர் யூர்கன் ஷேஃபர் இவ்விருவரையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். சேக்ஸ்பியரை எவ்வளவு நுணுகிப் படித்தனரோ, நாஷை அவ்வளவு படிக்கவில்லை. சேக்ஸ்பியரின் பெயரில் நிற்கும் 'முதற் சொற்களுட்' பல, பிறர் நூல்களில் அதற்கு முன்னரே கிடக்கின்றன என்று சான்றுகளோடு காட்டினார். பின்னர்க் கணினி வந்தது. 1473 முதல் 1700 வரை அச்சான ஆங்கில நூல்களிற் பல்லாயிரக்கணக்கானவை எழுத்தெழுத்தாக மறுபதிப்புச் செய்யப்பட்டு, ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் இடமெல்லாம் திரையிலே தோன்றும் நிலை ஏற்பட்டது. இதனால் ஒக்ஸ்போர்ட் அகராதியாரும் பழைய பதிவுகளைத் திருத்தி வருகின்றனர். சேக்ஸ்பியரின் கணக்குக் குறைந்துகொண்டே போகின்றது. என் பட்டியலில் இருந்த 'ஐபோல்', அதாவது கண்மணியுருண்டையைக் குறிக்குஞ் சொல், அவர் நாடகம் எழுதத் தொடங்குமுன்னரே வேறு நூலில் அச்சேறிவிட்டது.

நூல்கள் அழிந்ததையும் இங்கே எண்ண வேண்டும். அக் காலத்து நாடகங்களிற் பெரும்பகுதி அச்சேறாமலே மறைந்தது. சேக்ஸ்பியரின் நாடகங்கள் தப்பியது அவருடைய நண்பராகிய இரு நடிகர் செய்த புண்ணியம். அவர் 1616இல் இறந்து ஏழாண்டு கழித்து, 1623இல், ஹெமிங்ஸ், கொண்டெல் என்னும் அவ்விருவரும் முப்பத்தாறு நாடகங்களைத் தொகுத்துப் பெரிய நூலாக வெளியிட்டனர். அவற்றுட் பாதி அதற்கு முன் அச்சிற் கண்டிராதவை. 'மக்பெத்' அவற்றுள் ஒன்று. அந்த ஒரு நூல் வராதிருந்தால் எத்தனை சொற்கள் வேறொருவர் பெயரில் நின்றிருக்கும்!

கணக்கின் கதை இவ்வளவு. இனி மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம். இலண்டனிலே குளோப் அரங்கு 1599இல் திறக்கப்பட்டது. ஒரு பென்னி கொடுத்தவர் முற்றத்தில் நின்று பார்க்கலாம். தொழில் பழகும் பையன், வண்டிக்காரன், படகோட்டி, சந்தைக்கு வந்த பெண் என்று பலதிறத்தார் அங்கே நின்றனர். விளங்காத நாடகத்துக்கு மறுநாள் அவர்கள் வரமாட்டார்கள். நாடகக் கம்பனியின் இலாபத்திலே சேக்ஸ்பியருக்கும் பங்கு இருந்தது. அப்படிப்பட்டவர் காட்சிக்குக் காட்சி யாரும் கேட்டறியாத சொற்களைக் கொட்டியிருப்பாரா?

'பம்ப்' என்ற சொல்லை எடுத்துக் கொள்வோம். அடிபட்ட இடத்தில் எழும் புடைப்பைக் குறிப்பது. இதற்கு அகராதியின் முதற்பதிப்புக் காட்டிய முதற் சான்று 'ரோமியோவும் ஜூலியற்றும்' நாடகம். அங்கே அதனைச் சொல்பவள் யார்? ஜூலியற்றை வளர்த்த செவிலித்தாய். எழுத்து மணமே அறியாத, வாயடங்காத கிழவி. தன் சீமாட்டி திருமணப் பேச்செடுக்க, அவள் அதை விட்டுவிட்டுப் பழங்கதை தொடங்குகின்றாள்: நிலநடுக்கம் வந்த ஆண்டு, பால் மறக்கடித்த நாள், அதற்கு முதல்நாள் குழந்தை தடுக்கி விழுந்தது, நெற்றியிலே எழுந்த புடைப்பு. அந்த இடத்தில் வருகின்றது இச் சொல். கேட்கும்போதே 'பம்' என்று முட்டிய ஓசை அதில் இருக்கின்றது. மகாகவி ஒருவர் மேசையருகில் அமர்ந்து ஆக்கிய சொல்லாக இதைக் கருத என் மனம் ஒப்பவில்லை. குழந்தை விழுந்த வீடுகளிலெல்லாம் தாயரும் செவிலியரும் நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்ன சொல் அது. அவர்கள் எழுதவில்லை, எழுதத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் காதில் அது விழுந்தது. அவர் அதனை உரிய வாயில் வைத்தார். அரங்கில் நின்ற தாயொருத்தி அதைக் கேட்டபோது, தன் வீட்டிற் கேட்ட சொல்லென்றே எண்ணியிருப்பாள்.

'ஸ்வாகர்' என்பதும் அவ்வாறே. நெஞ்சை நிமிர்த்தி வீறாப்பாய் நடத்தலைக் குறிப்பது. 'நடுவேனிற் கனவு' நாடகத்திலே, காட்டில் நாடகம் ஒத்திகை பார்க்க வந்த தொழிலாளரைக் குட்டித் தேவதையொன்று இச் சொல்லால் ஏளனஞ் செய்கின்றது. அக் காலத்துக் கவிஞர் ஜோர்ஜ் சப்மன் 1598இல் எழுதிய முன்னுரையொன்றில் இச் சொல்லைக் குறிப்பிட்டு, மக்களிடையே இது புதிதாய்க் கிளம்பியது, எல்லாரும் இதைப் பின்பற்றிச் சொல்லுகின்றனர், இதற்கு வேர் எதுவென்று தெரியவில்லை என்ற கருத்துப்படக் கூறியுள்ளார். சேக்ஸ்பியர் படைத்த சொல் என்று அவர் சொல்லவில்லை. 'நான்காம் ஹென்றி'யின் இரண்டாம் பாகத்தில் மதுச்சாலை நடத்தும் பெண்ணொருத்தி, வீறாப்புக்காரர் எவரையும் என் கடைக்குள் விடேன் என்று இதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதறுகின்றாள். அவளுக்கு அது பழகிய சொல்.

'அலிகேற்றர்' கடலோடிகள் கொண்டுவந்தது. அமெரிக்கக் கரைகளிலே ஸ்பானியர் முதலையைக் கண்டு 'பல்லி' என்ற பொருளில் 'எல் லகார்ட்டோ' என்றனர். ஆங்கில மாலுமிகள் அதைத் தம் நாவுக்கேற்ப வளைத்தனர். ஜூலியற்று நாடகத்தில், நஞ்சு வாங்கப் போன ரோமியோ வறிய மருந்துக் கடைக்காரன் ஒருவனை நினைவுகூரும்போது, கடையிலே ஆமையும் பதப்படுத்திய முதலையும் தொங்கியதாகச் சொல்லுகின்றான். 1597இல் வந்த பதிப்பில் அச் சொல் 'அலிகார்ட்டா' என்றிருக்க, 1623ஆம் ஆண்டுத் தொகுதியில் இன்றைய வடிவத்தை அணுகிவிட்டது. துறைமுகத்திலே வந்திறங்கிய சொல் மெல்ல மெல்ல ஆங்கில உடை அணிவதை நாம் இங்கே காண்கின்றோம், அவ்வளவே.

என் பட்டியலில் இன்னொரு குறையும் இருந்தது. சொல் அங்கே இருப்பது உண்மை; பொருளோ வேறு. இதை எண்ணும்போது எனக்கு இன்னும் முகஞ் சிவக்கின்றது, ஏனெனில் நாடகத்தைப் பலமுறை பாடஞ் சொன்னவன் நான். 'பெட்றூம்' என்பது 'நடுவேனிற் கனவில்' வருகின்றது. பெற்றோருக்கு அஞ்சி ஓடிய காதலர் இருவர் இரவிலே காட்டில் வழி தவறிக் களைத்துப் போகின்றனர். இருவரும் ஒரே புற்றரையிற் கிடக்கலாம் என்று காதலன் சொல்ல, காதலி நாணத்தோடு, சற்றுத் தள்ளிப் படுத்துக்கொள் என்கின்றாள். படுக்க இடந் தரமாட்டாயா என்று அவன் கேட்கும் இடத்தில் இச் சொல் இருக்கின்றது. அங்கே அறையும் இல்லை, சுவருமில்லை, கூரையுமில்லை. படுக்கையில் இடம் என்பதுதான் பொருள். படுக்கையறைக்கு அன்று வழங்கிய சொல் வேறு. இத்தனை ஆண்டு, அறையொன்று கட்டித் தந்த பெருமையைக் காட்டிற் படுத்தவன் தலையிலே சுமத்தி வந்தேன்!

'மனேஜர்' மேலும் சுவையானது. இத்தாலியத்திலே குதிரையைக் கையாளுதலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது இதன் வேர். 'நடுவேனிற் கனவின்' இறுதியில் அரசன், வழக்கமாய்க் கேளிக்கைகளை ஏற்பாடு செய்பவன் எங்கே என்று தேடுகையில் இச் சொல்லை வழங்குகின்றான். வேறொரு நாடகத்திலோ வீண்பெருமை பேசும் ஸ்பானியன் ஒருவன், காதலில் விழுந்த தன்னையே தன் வாளின் 'மனேஜர்' என்கின்றான். அதாவது வாளைக் கையாள்பவன். வங்கியிலும் தோட்டத்திலும் கதிரையில் அமர்ந்திருப்பவரை அவர் கனவிலுங் கண்டிலர். 1960ஆம் ஆண்டையொட்டி அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை எங்கள் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கும் 'மனேச்சர்' ஒருவர் இருந்தார். பழைய ஆசிரியர்கள் அப் பெயரை இன்றும் ஒருவித நடுக்கத்தோடு உச்சரிப்பதைக் கேட்டிருக்கின்றேன். கேளிக்கைக்கும் அவர்களுக்கும் வெகுதூரம்.

'அடிக்‌ஷன்' 'ஒதெல்லோ'வில் வருமிடத்தில், அவரவர் மனநாட்டம் என்பதே பொருள். விடுபட முடியாத தீப்பழக்கமன்று. 'சம்பியன்' என்னும் பெயர்ச்சொல்லை வினையாக்கி மக்பெத் சொல்லும்போது, என்னோடு பொருத வா என்று விதியை அறைகூவுவதாகவே உரையாசிரியர் பெரும்பாலோர் கொள்வர். இன்று அவ்வினைக்கு ஒருவர் சார்பில் நின்று வாதாடுதல் என்பது பொருள். சொல் ஒன்றே, பக்கம் மாறிவிட்டது.

அப்படியாயின் சேக்ஸ்பியர் சொல் ஆக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். ஆக்கினார். ஆனால் ஆக்கிய முறையைப் பார்த்தாற் பின்வாங்கு மாணவனின் வினாவுக்கு அதிலேயே விடை இருக்கின்றது. அதை விளக்க நம் நாட்டு உதாரணம் ஒன்றே போதும். கிழக்கிலங்கையிற் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலானந்தர், சேக்ஸ்பியர் நாடகங்கள் பன்னிரண்டை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' என்னும் நாடக நூலை எழுதினார். அது 1926இல் வெளிவந்தது. அதில் அவர் இக் கவிஞரைச் 'செகசிற்பியார்' என்று குறித்தார். செகம் தெரியும், சிற்பி தெரியும். முன்பின் கேளாத தமிழனுக்கும் 'உலகைச் செதுக்கிய சிற்பி' என்று அக்கணமே பொருள் விளங்குகின்றது. ஒலியும் மூலப் பெயருக்கு அருகில் நிற்கின்றது. பகுதிகள் தெரிந்தவையாயின் தொகுதி புதிதாயினும் விளங்கும்.

சேக்ஸ்பியரும் இதையே செய்தார். ஆங்கிலத்திலே 'அன்' என்பது எதிர்மறை முன்னொட்டு. சிறு பிள்ளையும் அறியும். அதை எடுத்து எதிர்பாராத இடத்தில் ஒட்டினார். முடியிழந்த இரண்டாம் ரிச்சட், தன்னை 'அன்கிங்' ஆக்கிவிட்டனர் என்கின்றான், அரசனை அரசனல்லாதவனாக்கல். அரசனைக் கொல்லத் துணியும் மக்பெத்தின் மனைவி, பெண்மையைத் தன்னிடமிருந்து கழற்றிவிடுமாறு பேய்களை வேண்டும்போதும் அதே முன்னொட்டு. அரங்கில் நின்ற வண்டிக்காரனுக்கு இரண்டு துண்டுகளுந் தெரியும். இரண்டும் சேர்ந்து வந்தபோது அவன் மயிர்க்கூச்செறிந்திருப்பான், அகராதி தேடியிருக்கமாட்டான்.

இன்னொரு வழி, பெயரைப் பிடித்து வினையாக வேலை வாங்குதல். 'எல்போ' முழங்கை. லியர் மன்னன் தான் விரட்டிய மகளைக் காண நாணி ஒதுங்கும்போது, வெட்கம் அவனை முழங்கையால் இடிக்கின்றது என்று நண்பன் சொல்லுகின்றான். அகராதி காட்டும் அவ்வினையின் பழைய சான்று அது. மாலை ஐந்து மணிக்குக் கொழும்புக் கோட்டையிலே பஸ் ஏறுவோருக்கு அவ்வினையை நான் விளக்க வேண்டியதில்லை. வம்பளத்தலைக் குறிக்கும் 'கொசிப்' முன்னர்ப் பெயராகவே இருந்தது. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வரும் ஞானப் பெற்றோரைக் குறித்து, பின் நெருங்கிய தோழியரைக் குறித்தது. சேக்ஸ்பியர் அதை வினையாக்கி, விருந்திற் கூடிக் குலாவுதல் என்ற பொருளில் வழங்கினார். விருந்து முடிந்தபின் நடப்பதற்கு அச் சொல் பிற்காலத்திலே இறங்கிவிட்டது.

கடுஞ்சொல் வேண்டியிருந்தபோதும் அவர் பென்னி கொடுத்தவனை மறந்தாரில்லை. கொலைக்குப் பின் மக்பெத் தன் கையைப் பார்த்து, இக் குருதி கடலையே செந்நிறமாக்கும் என்று சொல்லுமிடத்தில், இலத்தீன் மணம் வீசும் இரண்டு நீண்ட சொற்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்று, நிறப் பெயரொன்றை அவர் வினையாக்கியது. அடுத்த கணமே அதே கருத்தைச் சிறிய நாட்டுச் சொற்களால் மீண்டும் சொல்லுகின்றான். மாடத்திலிருந்த பிரபுவுக்கு முன்னது; முற்றத்தில் நின்றவனுக்குப் பின்னது. உரையாசிரியன் வேண்டாத உரை.

அவர் வழங்கியவை யாவும் நிலைத்தனவுமல்ல. புன்சிரிப்பிலும் சிறிய சிரிப்புக்குச் 'ஸ்மைலெற்' என்று லியர் நாடகத்தில் ஒரு சொல் உண்டு. அழகான சொல், எவரும் எடுத்துக் கொள்ளவில்லை. 'ஒதெல்லோ'வில் வரும் 'எக்ஸஃப்ளிகேற்' என்பதன் பொருளைப் பற்றி அறிஞர் இன்றும் வாதாடுகின்றனர். செகசிற்பியார் என்ற பெயரும் அவ்வளவு பொருத்தமாய் இருந்தும், நாம் என்னவோ சேக்ஸ்பியர் என்றே சொல்லிக் கொண்டிருக்கின்றோம்.

எந்தச் சொல் பிழைக்கும், எது மடியும் என்பதை அறிஞராலும் கணிக்க முடியாது. பென் ஜோன்சன் சேக்ஸ்பியரின் நண்பர், போட்டியாளர், மிகுந்த கல்விமான். 1601இல் அவர் எழுதிய 'போயெற்றாஸ்ரர்' என்னும் நாடகத்தில் உரோம நகரத்துப் போலிக் கவிஞன் ஒருவன் வருகின்றான். ஜோன் மார்ஸ்டன் என்னும் சக கவிஞரைக் கேலி செய்யவே அப் பாத்திரத்தை ஆக்கினார் என்பது எல்லாருக்குந் தெரியும். அவனுக்கு மாத்திரை கொடுக்கின்றனர். பாத்திரம் ஒன்றை ஏந்திப் பிடிக்க, அவன் தான் எழுதிய அருவருப்பான புதுச்சொற்களை ஒவ்வொன்றாக வாந்தி எடுக்கின்றான். ஒவ்வொரு சொல்லும் விழுந்தவுடன், இன்னும் இருக்கின்றதா என்று கேட்கின்றனர். சிரிப்புக்குக் குறைவில்லாத காட்சி. ஆனால் வாந்தியில் விழுந்தவை எவை என்று பாருங்கள்: 'ஸ்ரெனுவஸ்', 'கிளம்சி', 'ஸ்பூறியஸ்', 'டிஃபங்ற்', 'றெசிப்பிறோக்கல்', 'கொன்சியஸ்'. இவை இன்றி இன்று ஆங்கிலப் பத்திரிகை ஒருநாளும் வெளிவராது! கூடவே விழுந்த 'கிளிபறி', 'ஒப்லேற்றன்ற்', 'ஃபியூறிபண்ட்' முதலியவை மண்ணோடு மண்ணாயின. ஜோன்சனுடைய காது மிகக் கூர்மையானது, அதுவே ஏமாந்தது.

சேக்ஸ்பியரும் கடுஞ்சொற் பிரியரைக் கேலி செய்தவரே. ஹொலொஃபேர்னஸ் என்னும் பாத்திரம் வாயைத் திறந்தால் இலத்தீன் உதிரும். ஒரு பொருளுக்கு நான்கு சொல் சொல்லும். அவர் தொழில் பள்ளி ஆசிரியர். அந்த நாடகத்தை வகுப்பில் நடத்தும்போது மாணவர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பது ஏனென்று எனக்கு முன்னர் விளங்கவில்லை.

தவணை தொடங்கியதும் வகுப்பிலே இவை அனைத்தையும் சொன்னேன். பழைய கொப்பியை மேசையில் வைத்து, தலைப்பிலிருந்த 'ஆக்கித் தந்த' என்பதை அவர்கள் பார்க்க வெட்டி, 'அவர் நாடகங்களிலே காணப்படும்' என்று எழுதினேன். 'பெட்றூம்' என்பதற்கு எதிரே 'காட்டில்' என்று குறித்தேன். 'பம்ப்' என்பதற்கு எதிரே 'செவிலி' என்று எழுதினேன். 'ஐபோல்' என்பதை அடித்துவிட்டேன். பின்வாங்கு மாணவனைப் பார்த்து, "தம்பி, உன் கேள்விக்கு இதுதான் விடை, இப்போது திருப்தியா?" என்றேன்.

அவன் மெதுவாக எழுந்தான்.

"விளங்குது சேர். ஆனால் சோதினைக்கு எதை எழுதுறது?"

அடுத்த கிழமை சொல்லுகின்றேன் என்று கூறியிருக்கின்றேன்.